சிறு எஞ்சின்களின் வலுவிழப்பும் கார்புரேட்டர்க் கோளாறும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பாறசாலை. அதனை அடுத்துக் களியக்காவிளை, தமிழ்நாட்டு எல்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக்கோட்டின் இருபுறமும் பயிர் ஒன்றே: ரப்பர், தென்னை, மரச்சீனி, ஏத்தன் வாழை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால் ரப்பர் வரிசைகளுக்கிடையே புல் ஓயாது வளர்கிறது. அதனை அரிவாள் கொண்டு செதுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே தோளில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டும் இயந்திரம் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. வாழைக்கு நீர் பாய்ச்சச் சிறிய பெட்ரோல் பம்பு செட்டும் உண்டு.

இவ்விரண்டிலும் ஒரு விசேஷம் கவனத்திற்குரியது. பம்பு செட்டு மழைக்காலம் முழுவதும் சும்மா கிடக்கும். புல்வெட்டி கோடையில் மூலையில் சாத்தப்பட்டிருக்கும். மீண்டும் எடுக்கும்போது எஞ்சின் ‘இழுக்கவில்லை’ என்று முறையீடு எழுகிறது. சும்மா ஓடும்போது நன்றாகவே ஓடுகிறது. கத்தி புல்லில் பட்டவுடன் முனகி நின்றுவிடுகிறது. உரிமையாளர் கார்புரேட்டரின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். பிறகு பட்டறை, அங்கே பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்று சொல்லக் கேட்பதும் உண்டு. புல் வெட்டவேண்டிய வாரமும் கையிலிருந்த பணமும் போன பின்னர், குறை ஊசித்துளை அளவான ஓர் அடைப்பு என்பது தெரியவரும். இந்தச் செலவைத் தவிர்க்கும் ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் கார்புரேட்டர் செய்யும் வேலை யாது? மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் கைப்பம்பை நினைத்துக்கொள்ளலாம். குழாயின் வாயருகே காற்று விரைந்து பாயும்போது அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. கீழிருக்கும் திரவம் மேலேறித் துளிகளாகச் சிதறுகிறது. குறுகிய கழுத்தில் பாயும் திரவத்தின் அழுத்தம் குறைவதை இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரி 1797-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஜெர்மானியப் பொறியாளர் மேபாக் 1893-இல் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரை அமைத்தபோது பயன்பட்டது இதே தத்துவம். ஆசிரியர்கள் இதனைக் காட்ட ஒரு தம்ளர் தண்ணீரும் இரண்டு உறிஞ்சுகுழல்களும் போதும்: ஒன்றைத் தண்ணீரில் நிறுத்தி, அதன் மேல்வாய்க்குக் குறுக்கே மற்றொன்றால் ஊதவேண்டும். (கார்புரேட்டருக்குத் தமிழ்ச் சொல் தேடி மொழிபெயர்ப்பாளர்கள் பலநாள் உழைத்ததுண்டு. பட்டறையில் அதனைக் கேட்டு எவரும் விளங்கிக்கொள்ளாமையால் இங்கே வழங்கும் சொல்லையே கொண்டோம்.)

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். பெட்ரோல் இதற்குக் குறைந்தால் கலவை ‘மெலிந்தது’, மிகுந்தால் ‘செறிந்தது’. வலுவிழப்பு எனும் ஒரே நோய் இவ்விரண்டு காரணங்களாலும் வரும். மருந்தோ நேர் எதிரானது. ஆதலால் எது என்று அறியாமல் திருகைத் தொடுவது தவறு.

அறியும் வழி இதுவே. எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடேறிய பின், வேலைச்சுமை கொடுத்து, சோக் எனப்படும் காற்றுத் தடுப்பைப் பாதியளவு மூடவேண்டும். சோக், காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுதியாக இழுக்கச் செய்வது. அப்போது வலு கூடினால் கலவை மெலிந்திருந்தது என்று பொருள்: பெட்ரோல் வரும் வழியில் எங்கோ தடை இருக்கிறது. மாறாக எஞ்சின் மேலும் திணறிக் கரும்புகை விட்டால் கலவை முன்னரே செறிந்திருக்கிறது: காற்று வரும் வழியைப் பார்க்கவேண்டும். சோக்கினால் எவ்வித மாறுதலும் இல்லையெனில் கார்புரேட்டரை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்கையும் புகைபோக்கியையும் நோக்குவது நலம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் புகைபோக்கியின் வாயில் கரி அடைத்துக்கொண்டு, எல்லாப் பழியும் கார்புரேட்டரின்மேல் விழுவது சாதாரணம். பிளக்கின் நிறமும் சாட்சி சொல்லும். இளம்பழுப்பு நன்று, வெளுத்திருந்தால் மெலிவு, கரி படிந்திருந்தால் செறிவு.

செறிவுக்குப் பெரும்பாலும் காரணம் காற்று வடிகட்டி. இவ்வட்டாரத்துச் செம்மண் தூசியும் புல்லின் பொடியும் அதில் அப்பிக்கொள்கின்றன. நுரைப்பஞ்சு வடிகட்டியைச் சவுக்கார நீரில் கழுவி உலர்த்தினால் போதும்.

மெலிவுக்குக் காரணங்கள் பல. மிகச் சுலபமானதை முதலில் பார்க்கலாம். எஞ்சின் சில நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு சோர்ந்தால், டாங்கி மூடியைச் சிறிது தளர்த்துக. உடனே உயிர் வந்தால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அடுத்தது டாங்கிக்குள் இருக்கும் சிறு வடிகட்டி. இவ்விரண்டும் சரியாயிருந்தால்தான் கார்புரேட்டரைத் திறக்கலாம். சும்மா ஓடும்போது நன்றாயிருந்து சுமையில் நிற்பின் பிரதான ஜெட்டும், சும்மா ஓடாமல் வேகத்தில் மட்டும் ஓடின் சிறு ஜெட்டும் அடைபட்டிருக்கக் கூடும். ஜெட்டைக் கம்பியால் குத்துவது பெருந்தீங்கு. 0.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை 0.9 ஆனால் அதன் பரப்பு நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் கூடிவிடும்; பிறகு அந்த எஞ்சின் என்றும் செறிந்த கலவையையே குடிக்கும். சுத்தமான கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. திருகைக் கழற்றுமுன் அது முழுதும் உள்ளே செல்ல எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும்.

இனி, அடைப்பு எங்கிருந்து வருகிறது? நின்றுபோன பெட்ரோலிலிருந்து. ஆவியாகும் பகுதி போய்விட, பிசின் போன்ற வண்டல் ஜெட்டில் படிகிறது. இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. 2025 முதல் நாடெங்கும் விற்கப்படும் பெட்ரோலில் பொதுவாக நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் எரிய அதன் எடையைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டு அளவில் கலவை சற்று மெலிகிறது. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடுவதால், அடிநீரைக் குடிக்கும் பிஸ்டனுக்கு மசகு கிடைப்பதில்லை. ஐயமிருந்தால் டாங்கியின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் வைத்து, திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் பார்க்கலாம். இரண்டு அடுக்காகத் தெரியும்.

2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய இருசக்கர வண்டிகள் ஏறக்குறைய யாவும் கார்புரேட்டரை விட்டுவிட்டன. எனவே இளைய மெக்கானிக்குகளுக்கு இவ்வுறுப்புடன் பழக்கம் குறைந்து வருகிறது. தோட்ட இயந்திரங்களிலும், வெளிநாட்டுப் பண்ணைகளில் ஓடும் நாற்சக்கர ஏ.டி.வி. வண்டிகளில் பழையவற்றிலும் அது நிலைத்திருக்கிறது.

ஒரு மாதத்திற்கு மேல் இயந்திரம் ஓய்வெடுக்குமாயின் டாங்கியை வடித்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடவேண்டும். வடித்தது வெறும் பெட்ரோலாயின் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிடலாம். எண்ணெய் கலந்ததை ஊற்றலாகாது. அடுத்த பருவத்திற்குப் புதிய பெட்ரோலையே வாங்கி, இயந்திரத்தின் கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெயும், 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லிலிட்டரும் அளந்து சேர்க்கவேண்டும்.