குரலும் ஒரு முத்துதான்!

காலடியில் கல். கழுத்தில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குகிறார். தோணியில் இருப்பவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும், மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து!

தூத்துக்குடிக் கடலில் இப்படித்தான் முத்துக் குளித்தார்கள். பாண்டியர் காலம் தொட்டுப் புகழ்பெற்ற தொழில் அது. முத்துக்குளிப்பைச் சலாபம் என்பார்கள். 1955-ம் ஆண்டு முதல் 1961-ம் ஆண்டு வரை நடந்ததே இங்கு கடைசிச் சலாபம். பிறகு முத்துப் பார்களில் போதிய சிப்பி சேரவில்லை. தொழில் நின்றுபோயிற்று.

பக்கத்தில் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது 1963-ல். சலாபம் நின்று 2 ஆண்டு கழிந்த பிறகு!

1961-ல் 20 வயது வாலிபராக இருந்தவருக்கு இன்று 80 வயதைத் தாண்டிவிட்டது. அவர் மனதில் உள்ளதெல்லாம் புத்தகத்தில் இல்லை. அவர் கண்ணை மூடினால் அந்தக் கதையும் போய்விடும்.

அதை யார் காப்பாற்றுவது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காப்பாற்றலாம்! வீட்டில் உள்ள கைபேசியே போதும். வகுப்புப் பாடமாகவே இதைச் செய்யலாம்.

மாணவர் வானொலி

"பிள்ளைகளால் முடியுமா?" என்று கேட்க வேண்டாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி 'அண்ணா எப்.எம்.' தொடங்கியது. இந்தியாவிலேயே கல்லூரி வளாகத்தில் எழுந்த முதல் சமுதாய வானொலி அது. அங்கே மாணவர்கள் நிகழ்ச்சி தயாரித்தார்கள். சுற்றுவட்டாரப் பெண்களும் கற்றுக்கொண்டு பேசினார்கள்.

இதே மன்னார் வளைகுடாக் கரையில், பாம்பனில், 2016-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி 'கடல் ஓசை' என்ற வானொலி பிறந்தது. மீனவர்களுக்கென்றே ஏற்பட்டது அது. படித்த பெரியவர்கள் மட்டும்தான் வானொலியில் பேசலாம் என்ற காலம் போய்விட்டது.

முதல் வேலை: எழுதுவது

பேச்சுக்கு முன் எழுத்து வேண்டும். நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் ஆகும். 5 நிமிட நிகழ்ச்சி என்றால் 500 சொல்லுக்கு மேல் இடமில்லை. அதில் பாதியைப் பெரியவருக்கு விட்டுவிட வேண்டும்.

வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். புத்தகம் என்றால் புரியாததைத் திருப்பிப் படிக்கலாம். காதில் விழுவது ஒரே தடவைதான்.

கேள்வியையும் முன்னதாக எழுதிக்கொள்ள வேண்டும். "தாத்தா, நீங்கள் முத்துக் குளித்தீர்களா?" என்று கேட்டால், "ஆமாம்" என்பார். கதை முடிந்தது! "மேலே கயிறு பிடித்தவர் யார்? அவரை எப்படி நம்பினீர்கள்?" என்று கேட்டால், மனம் திறந்து பேசுவார்.

இரண்டாவது: பதிவு செய்வது

முதலில் பெரியவரிடம் அனுமதி கேட்க வேண்டும். எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடற்கரையில் பெரிய எதிரி காற்று. அது கருவியில் மோதினால் 'புஸ்... புஸ்...' என்ற சத்தம்தான் பதிவாகும். ஆகவே வீட்டுக்குள் உட்காருவது நல்லது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் கைபேசியை வைக்கலாம்.

அவர் பேசும்போது "ம்... ம்..." கொட்டக் கூடாது. தலையை அசைத்தால் போதும். அவர் மவுனமானால் பொறுத்திருக்க வேண்டும். மவுனத்துக்குப் பின்தான் நல்ல பேச்சு வரும்.

கடைசியில் அலை ஓசையை மட்டும் தனியாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். வெட்டி ஒட்டிய இடம் தெரியாமல் மறைக்க அது உதவும்.

மூன்றாவது: தொகுப்பது

அந்தக் காலத்தில் ஒலிநாடாவைப் பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் ஒட்டினார்கள். வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் ஒரு இருமலை நீக்க, அங்குலக் கணக்கில் தேடினார்கள். இன்று கணினியில் ஒலி, கோடாகத் தெரிகிறது. தவறாக வெட்டினாலும் மீட்டுக்கொள்ளலாம். ஆனாலும் முதலில் எடுத்த பதிவை மாற்றாமல் தனியாக வைப்பது அவசியம்.

சிப்பி எல்லாவற்றிலும் முத்து இருப்பதில்லை. ஒரு மணி நேரப் பேச்சிலும் அப்படித்தான். பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஆனால் ஜாக்கிரதை! பெரியவர், "பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்" என்கிறார். பின்பாதியை வெட்டினால் என்ன மிஞ்சும்? "பயம் இல்லை!" அவர் சொல்லாததை அவர் வாயாலேயே சொல்ல வைத்த பாவம் வந்து சேரும். ஆகவே முடிந்ததும் அவருக்கே போட்டுக் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். பதிவை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும்.

அன்று தோணியில் நின்றவர் கையில் கயிறு இருந்தது. இன்று அந்தக் கயிறு பிள்ளைகள் கையில் இருக்கிறது. கீழே ஒரு குரல் காத்திருக்கிறது.

இழுக்கத் தாமதிக்கலாமா?