வட ஆற்காடு மாவட்டம்
1801 – 1989

1801 ஜூலையில் கர்நாடக நவாப் அசீம் உத் தௌலா கையெழுத்திட்ட உடன்படிக்கையால், அவருடைய நாட்டின் ஆட்சி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நவாபுகளின் பழைய தலைநகரான ஆற்காட்டின் பெயரில் வட ஆற்காடு, தென் ஆற்காடு ஆகிய மாவட்டங்கள் உருவாயின. நில வரி வசூல், நீதி, காவல் ஆகியவற்றை மேற்பார்வையிட்ட கலெக்டர் ஆற்காட்டில் அல்ல, சித்தூரில் இருந்தார்.

1911இல் எல்லைகள் பெரிதும் மாறின. சித்தூர், சந்திரகிரி, பலமநேர் உள்ளிட்ட வடபகுதிகள் பிரிந்து, கடப்பை மாவட்டத்தின் சில தாலுகாக்களுடன் சேர்ந்து புதிய சித்தூர் மாவட்டம் ஆயின. சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வட ஆற்காட்டுக்கு வந்தன. வேலூர் தலைநகரமானது.

1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் இணைந்தது. அதிலிருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது.

1989 செப்டம்பரில் வட ஆற்காடு இரண்டானது. ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் முதலியவை திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமாயின. எஞ்சிய பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப்பட்டு, 1990களில் வேலூர் மாவட்டம் எனப் பெயர் மாறியது.

2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தன. ஆற்காடு நகரம் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது.