சேர்வராயன் மலையின் செல்வம்

மழை பெய்து ஓய்ந்தபின், தாம்பரம் தெருவோரங்களில் மெல்லிய பூண்டு ஒன்று தழைக்கக் காண்கிறோம். அதன் நுனியில் ஊதா நிறச் சிறு பூக்கள். முற்றிய விதைகளோ வெண்பஞ்சாகிக் காற்றில் பறக்கும். சீதேவி செங்கழுநீர் என்பது அதன் பெயர். சாமந்தி, சூரியகாந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டமே. ஒரு பங்குச் சமூகமும் அத்தகையதன்றோ!

இப்பூண்டின் உறவான சிறுமரம் ஒன்று ஏற்காட்டுப் பக்கம் உண்டு. சென்னை மாகாணத்துத் தாவரங்களை 1915 முதல் நூலாகத் தொகுத்த கேம்பிள் என்ற ஆங்கிலேயர், அம்மலையின் பெயராலேயே அதனை ‘வெர்னோனியா சேவராயென்சிஸ்’ என்றழைத்தார். பூண்டு எங்கும் பரவியிருக்க, மரமோ நம் கிழக்கு மலைத்தொடரின் சிறியதொரு வட்டாரத்தில் மட்டுமே வளர்கிறது. அங்கும் 1820களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்காகச் சோலைகள் அழிக்கப்பட்டன. பின்னர் பாக்சைட் சுரங்கங்களும் வந்தன. அவ்விடத்தில் அழியுமாயின், அது இயற்கையாய் வளரும் வேறிடம் உலகில் இல்லை.

இத்தகைய தாவரங்களைத் தேடி மலைதோறும் அலைந்தவர் ஒரு குருவானவர். சேசு சபையின் அருட்தந்தை கே. எம். மேத்யூ, 1967-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினா தாவரக் காப்பகத்தை நிறுவி, சேர்வராயன் மலை உள்ளிட்ட தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை 1981 முதல் பெருநூல்களாக வெளியிட்டார். 2004-இல் இறைவனடி சேர்ந்தார். திருப்பலிப் பீடத்தில் படைத்தவரைப் போற்றியவர், படைப்பை ஒவ்வோர் இலையாக அறிந்து போற்றினார்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. புனித தோமையார் மலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் எந்தக் கல்லாலானவையோ, அதே சார்னோகைட் கல்லாலானதே சேர்வராயன் மலையும். திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் வெடிவைத்து உடைத்த குன்றுகளின் கல் நம் வீடுகளின் அடித்தளத்தில் கிடக்கிறது. அக்குன்றுகளோடு எத்தனை செடிகள் மறைந்தனவோ!

மனிதரால் ஓர் உயிரினம் அழியும்போது, அது தன் இருப்பால் இறைவனுக்குச் செலுத்தும் மகிமையும் அற்றுப்போகிறது என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் வருந்தினார். ஆகவே குடும்பத்தோடு ஏற்காடு செல்வோர், அங்குள்ள செடிகொடிகளை ஒடிக்காது திரும்புவோமாக. ஆலய வளாகத்தில் ஒரு மூலையையேனும் சிமெண்டு பூசாமல் விட்டு, நம் மண்ணின் செடிகள் வளர இடமளிப்போமாக. அவற்றின் பெயர்களை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோமாக. பெயரறிந்த செடியைப் பிள்ளைகள் எளிதில் பிடுங்கி எறியார்.