காகிதமா, மின்திரையா? பாய்மரப் படகோட்டியும் கடல் வரைபடமும்

கடலின் ஆழம், நீரடிப் பாறைகள், மணல்திட்டுகள், கலங்கரை விளக்கங்கள், மிதவைகள் ஆகியவற்றைக் காட்டுவது கடல் வரைபடம். நம் நாட்டில் இப்பணிக்கெனக் கடல் அளவைத் துறை 1874-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. 1954-இல் அது டேராடூனுக்கு மாற்றப்பட்டது. இன்று தேசிய நீர்வரைவியல் அலுவலகம் என்னும் பெயரில் காகித வரைபடங்களையும் மின்னணு வரைபடங்களையும் அது வெளியிட்டு வருகிறது.

பன்னாட்டுப் பயணம் மேற்கொள்ளும் பெரிய கப்பல்கள் மின்னணு வரைபடக் கருவியைப் பொருத்த வேண்டும் என்னும் விதி 2012 முதல் 2018 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அக்கருவி பழுதுற்றால் உதவுவதற்கு மாற்று ஏற்பாடும் கட்டாயமாகும். சிறிய பாய்மரப் படகுகளை இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. எனவே எதை நம்புவது என்னும் பொறுப்பு படகோட்டியையே சார்ந்துள்ளது. அமெரிக்கா தன் மரபுவழிக் காகித வரைபடங்களைக் கைவிடுவதாக 2019-இல் அறிவித்துப் பின்னர் அதை நிறைவேற்றியும் விட்டதால், இக்கேள்வி மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

மின்னணு வரைபடத்தின் நன்மைகள் பல. செயற்கைக்கோள் உதவியால் படகின் இருப்பிடம் திரையில் உடனுக்குடன் தோன்றுகிறது. திருத்தங்களைச் சில நிமிடங்களில் சேர்த்துவிடலாம். காகிதத்திலோ ஒவ்வொரு திருத்தத்தையும் கையால் எழுத வேண்டும். நெடும்பயணத்திற்குப் பல தாள்களைச் சுமக்கவும் வேண்டும்.

ஆயினும் திரைக்கும் குறைபாடுகள் உண்டு. மின்கலம் தீர்ந்தாலும், உப்புநீர் புகுந்தாலும், மின்னல் தாக்கினாலும் அது செயலிழக்கக்கூடும். இவற்றினும் நுட்பமான ஆபத்து ஒன்று உள்ளது. பரந்த பகுதியை ஒரே சமயத்தில் காட்டும்போது, திரை சிறு விவரங்களை மறைத்துவிடும். 2014 நவம்பர் 29 அன்று, கேப்டவுனிலிருந்து அபுதாபி நோக்கிய உலகப் பாய்மரப் போட்டியில் 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' என்னும் படகு மொரீஷியசுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் மோதியது. படத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்த்தால் மட்டுமே அத்திட்டின் உண்மை நிலை திரையில் புலப்படும். படகிலிருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினர். விரித்து வைத்த காகிதத் தாளில் முழு வழியும் அதன் இடர்களும் ஒரே பார்வையில் அடங்கும் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

எவ்வகை வரைபடமாயினும் அதன் மதிப்பு அடிப்படை அளவையைப் பொறுத்ததே. உலகின் பல பகுதிகளில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் முற்காலத்தில் அளந்த ஆழங்களே இன்றும் வரைபடங்களில் உள்ளன. செயற்கைக்கோள் படகின் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொன்னாலும், பாறையின் இடம் அதே துல்லியத்தில் குறிக்கப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பழைய அளவையை மின்வடிவில் மாற்றுவதால் அதன் பிழை நீங்கிவிடாது.

நம் நாட்டின் முன்னாள் கடற்படை வீரர் அபிலாஷ் டோமியின் அனுபவம் இவ்விரு முறைகளின் இடத்தையும் தெளிவாக்குகிறது. அவர் பங்கேற்ற 'கோல்டன் குளோப்' போட்டியின் விதிப்படி காகித வரைபடத்தையும் செக்ஸ்டன்ட் கருவியையும் கொண்டே வழியறிய வேண்டும். 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த காயமுற்ற அவரை மீட்கச் செயற்கைக்கோள் வழித் தகவல் தொடர்பே துணைபுரிந்தது. அதே போட்டியில் மீண்டும் பங்கேற்று, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். பழைய முறை உலகையே சுற்றிவரப் போதுமானது. ஆபத்து வேளையில் புதிய முறை உயிர் காக்கிறது.

ஆதலின் இவற்றுள் ஒன்றை முற்றிலும் விலக்குவது அறிவுடைமையன்று. அன்றாட வழிகாட்டலுக்குத் திரையையும், முழு வழியைத் திட்டமிடவும் இடர்க்காலத்தில் பயன்படவும் காகிதத் தாள்களையும் கொள்ளலாம். குறித்த நேரங்களில் இருப்பிடத்தைப் பதிவேட்டில் எழுதி வந்தால், திரை அணைந்தாலும் பயணம் தடைப்படாது. கருவி எதுவாயினும், அது காட்டுவதைக் கண்ணால் கண்டவற்றோடும் அளந்த ஆழத்தோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கமே படகோட்டிக்கு உண்மையான பாதுகாப்பாகும்.