மரநிழலில் ஒரு நாள்



கோலார் தங்கவயலிலிருந்து தினந்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் தகப்பன்மாரை நீங்கள் அறிவீர்கள். உங்கள் இல்லத்திலேயே ஒருவர் இருக்கலாம். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறுகிறார். பிள்ளைகள் உறங்கிய பின் வீடு வந்து சேருகிறார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டது முதல் அநேகக் குடும்பங்களின் வாழ்க்கை இவ்விதமே நடக்கிறது. அப்பிள்ளைகளுக்குப் பெங்களூர் என்பது அப்பாவைக் கொண்டுபோய்விடும் ஊர்.

அந்த ஊரை ஒரு விடுமுறை நாளில் அவர்களுக்குக் காண்பியுங்கள். பணம் செலவாகும் கடைவீதிகள் வேண்டாம். கப்பன் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சிட்டி ரயில் நிலையத்தில் இறங்கி, மெஜஸ்டிக்கில் மெட்ரோ ரயில் ஏறினால், பூங்காவின் பெயரையே தாங்கிய நிலையத்தில் இறங்கலாம். உள்ளே நுழையக் கட்டணமில்லை.

1870ஆம் ஆண்டில் ரிச்சர்டு சாங்கி என்னும் பொறியாளர் உருவாக்கிய பூங்கா இது. மைசூர் ஆணையராயிருந்த மார்க் கப்பனின் பெயரைத் தாங்கியுள்ளது. அடர்ந்த மூங்கில் புதர்களும், ஓங்கிய சில்வர் ஓக் மரங்களும், 1915இல் கட்டப்பட்ட செந்நிற நூலகமும் அங்கே உண்டு.

"இப்படிப்பட்ட இடம் நம்மைப் போன்றவர்களுக்கா?" என்று தயங்குகிறீர்களா? ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, மின்சாரம் முதலாவது கொண்டுவரப்பட்டது தங்கவயல் சுரங்கங்களுக்கே. பெங்களூர் நகரம் அவ்வொளியைக் கண்டது 1905இல்தான். சுரங்கத்திற்காக வந்த மின்சாரமே பின்பு இந்நகரின் தெருக்களுக்கும் விளக்கேற்றியது. அச்சுரங்கத்தின் ஆழத்தில் வியர்வை சிந்தியவர்கள் உங்கள் பாட்டன்மார் அல்லவா? ஆகவே, அந்நியரைப் போல ஓரமாய் நிற்காதீர்கள். புல்தரையில் தாராளமாய் அமருங்கள்.

வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டிக்கொண்டு செல்லுங்கள். உண்ட இலையையும் காகிதத்தையும் அங்கே எறிந்துவிடாதீர்கள். தகப்பனார் மரத்தடியில் கண்ணயர விரும்பினால் எழுப்பாதீர்கள். வேலை நாட்களில் அவருக்குப் பகலில் உறக்கம் ஏது? பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்: எங்கே வேலை செய்கிறீர்கள், மதியம் யாரோடு உண்கிறீர்கள், ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா என்று. கைபேசியைப் பையில் வைத்துவிட்டு அவர் பதில் சொல்லட்டும்.

மாலையில் அதே ரயிலில் திரும்புவீர்கள். அன்றும் பிள்ளைகள் உறங்கிய பின்தான் அப்பா வீடு சேருவார். ஆனால் அன்று அவர்கள் உறங்குவது அவருடைய மடியில்.