வாழப் போன நாட்டின் அருங்காட்சியகம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கும் தென்கொரியாவுக்கும் இடையே போக்குவரத்துப் பெருகியது. கொரியப் பொறியாளர்கள் குடும்பத்தோடு இங்கு வந்து வாழ்கிறார்கள். இங்கிருந்தும் பணியின் பொருட்டு அங்கே செல்வோர் உண்டு. நாளை நம் மாணவியருள் சிலரும் செல்லக்கூடும். அப்படி வேற்று நாட்டில் குடியிருப்பவர்கள் தவறாமல் காணவேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுவே அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகம். கடைவீதி, அந்நாட்டார் எதை விற்கிறார்கள் என்று காட்டும். அருங்காட்சியகமோ, எதை எவ்விலைக்கும் விற்கமாட்டார்கள் என்று காட்டும்.

சியோல் நகரின் யோங்சான் பகுதியில், முன்பு அந்நியப் படைகள் தங்கியிருந்த நிலத்தில், கொரிய தேசிய அருங்காட்சியகம் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. உள்ளே நெடிய நடைபாதையின் கோடியில் பத்து அடுக்குப் பளிங்குக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1348ஆம் ஆண்டில் ஒரு புத்த மடத்தில் எழுப்பப்பட்ட இதன் உயரம் 13 மீட்டருக்கும் மேல். 1907இல் ஜப்பானிய அமைச்சர் ஒருவர் இதைப் பிரித்தெடுத்துத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். பெத்தெல் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளரும் ஹல்பர்ட் என்ற அமெரிக்க ஆசிரியரும் இந்த அநீதியை உலகறிய எழுதினார்கள். 1918இல் கோபுரம் திரும்பி வந்தது. அந்நாட்டார் அதை அண்ணாந்து பார்த்து நிற்பதன் பொருள், இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கே விளங்கும்.

அந்த ஹல்பர்ட்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கொரிய மொழி இலக்கணத்தைத் திராவிட மொழிகளின் இலக்கணத்தோடு ஒப்பிட்டு 1905இல் நூல் எழுதியவர் அவர். கொரியக் குழந்தைகளும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கிறார்கள். ஆயினும் சில சொற்கள் ஒத்திருப்பதால் மட்டும் இரு மொழிகளும் ஒரே குடும்பம் ஆகிவிடா. அந்த உறவை இன்றைய மொழியியல் அறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கேட்க இனிக்கும் கதையையும் சான்றுள்ள வரலாற்றையும் பிரித்தறியும் பழக்கத்தையும் அருங்காட்சியகம் நமக்குக் கற்பிக்கிறது.

சான்றுள்ள உறவும் அங்கே இருக்கிறது. கன்னத்தில் விரல் வைத்துச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் இரண்டு போதிசத்துவர் சிலைகளுக்கென்றே 2021 முதல் தனி அறை ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் பிறந்த புத்த சமயம் 372ஆம் ஆண்டில் சீனத்தின் வழியே கொரியாவை அடைந்தது. நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைச் சென்னை எழும்பூரில் கண்டவர்களுக்கு, அந்த அறையில் நிற்கும்போது அந்நிய இடம் என்ற எண்ணமே தோன்றாது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயலக்கூடாது. ஒரு நாளுக்கு ஓர் அறை போதும். பொருளின் வயதைப் படிப்பதோடு நில்லாமல், அது எங்கிருந்து, யார் கைவழியே வந்தது என்றும் பாருங்கள். இயன்றால் அண்டை வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பலகையில் எழுதாததை அவர்கள் சொல்வார்கள். இவ்வாறு செய்யாதவர்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தும், தொழிற்சாலையையும் கடைவீதியையும் மட்டுமே அறிந்து ஊர் திரும்புவார்கள். அந்நாட்டு மக்களை அறிந்திருக்க மாட்டார்கள்.

அன்புத் தோழியரே, இங்கு வாழும் கொரியச் சிறுமி ஒருத்தி, "உங்கள் வரலாற்றை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டால் நம் விடை என்ன? 1851இல் நிறுவப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகம் எழும்பூரில் இருக்கிறது. பல்லாவரத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். ஓரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் 2022இல் அகழ்ந்தபோது, கற்காலக் கருவிகளும் ரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகளும் வெளிப்பட்டன. கார்கள் உருவாகும் இதே மண்ணில்தான், அயல்நாட்டுப் பொருள்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்து இறங்கியிருக்கின்றன!

எனவே கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது பழைய ஓடோ செங்கல்லோ கிடைத்தால், குப்பை என்று எறியாமல் பெரியவர்களிடம் காட்டுங்கள். வரும் விடுமுறையில் பெற்றோருடன் எழும்பூருக்குச் சென்று வாருங்கள். சொந்த வீட்டின் பெட்டகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கே, பிறர் வீட்டுப் பெட்டகத்தின் அருமை தெரியும்.