டிராக்டர் கொதிக்கிறதா? முதலில் ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பாருங்கள்

ரோட்டில் ஓட்டினால் ஹீட் மீட்டரின் முள் நடுவிலேயே நிற்கிறது. வயலில் இறக்கி ரோட்டாவேட்டரை ஓட்டினால் அரை மணி நேரத்தில் சிவப்புக்குப் போய்விடுகிறது. கோடை உழவின்போதும், அறுவடை முடிந்து வைக்கோல் கட்டும்போதும் டிராக்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பட்டறைக்குக் கொண்டுபோனால், ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்குத் தலையாட்டுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

ரோட்டில் சூடாகாமல் வயலில் சூடாவதே ஒரு தடயம்தான். ரோட்டில் இன்ஜினுக்குச் சுமை குறைவு. வண்டி ஓடும் வேகத்தில் எதிர்க்காற்றும் கிடைக்கும். அதனால் ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் சமாளித்துவிடும். வயலில் நிலைமை வேறு. இன்ஜின் முழு பலத்தோடு இழுக்கிறது, வண்டியோ ஆள் நடக்கிற வேகத்தில் நகர்கிறது. ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான் கிடைக்கும். அந்தக் காற்றும் புழுதியும் வைக்கோல் துகளும் கலந்தது.

டிராக்டரின் ஃபேன் முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்கிறது. அதோடு வரும் தூசி, முதலில் கம்பி வலையிலும், பிறகு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையிலும் போய் அடைகிறது. எங்கேயாவது லேசாக ஆயிலோ டீசலோ கசிந்திருந்தால் அந்தப் பிசுக்கில் தூசி அப்பிக்கொள்ளும். வலையை மட்டும் துடைத்துவிட்டு சுத்தமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். வலையைக் கழற்றி, பின்பக்கமிருந்து விளக்கு அடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடமெல்லாம் அடைப்பு.

சுத்தம் செய்ய வேண்டியது காற்று வந்த திசைக்கு எதிராக. அதாவது, இன்ஜினை நிறுத்தி ஆறவிட்ட பிறகு, ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கிக் காற்றடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே இறுகும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னைப் பக்கத்தில் வைத்துப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிப்போகும். அப்புறம் காற்று போக வழியே இருக்காது. வைக்கோல் கட்டும் நாட்களில் காலையில் ஒருமுறை பார்த்தால் போதாது, டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் வலையைத் தட்டிவிட வேண்டும்.

முள் சிவப்புக்குப் போன உடனே என்ன செய்வது?

கருவியைத் தூக்கி, பி.டி.ஓ-வை விடுவித்து, வண்டியை நியூட்ரலில் நிறுத்துங்கள். தண்ணீர் வெளியே கொட்டவில்லை, பெல்ட்டும் சுற்றுகிறது என்றால், சில நிமிடங்கள் மெதுவான ஓட்டத்தில் விடலாம். ஃபேனும் வாட்டர் பம்ப்பும் சுற்றிக்கொண்டே சூட்டை இறக்கும். அப்படியும் முள் இறங்கவில்லை என்றாலோ, தண்ணீர் பீறிட்டாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். ஓட்டத்தில் பேட்டரி விளக்கும் எரிந்தால் முதலில் பெல்ட்டைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான டிராக்டர்களில் ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிநீர் முகத்துக்கு நேராகப் பாயும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, கனமான சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கி, முதல் தடை வரை மட்டும் திருகுங்கள். சீறல் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம். வாய்க்கால் தண்ணீரை அவசரத்தில் கொதிக்கும் இன்ஜினில் ஊற்றுவது, ஹெட்டில் விரிசலை விலை கொடுத்து வாங்குகிற வேலை.

ஆறிய பிறகு பார்க்க வேண்டியவை

பெல்ட்டின் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் உள்ளே போகலாம். அதைவிடத் தொய்ந்தால் பெல்ட் வழுக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையே மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். வாட்டர் பம்ப்பின் அடியில் ஈரம் சொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் வைத்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே அது திறந்துவிட வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது போட வேண்டும். தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று கழற்றிப்போடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய பழக்கம். அப்படி ஓட்டினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம்.

உள் அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் போர் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்புதான் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. கையேட்டில் சொன்ன கூலன்ட்டை, சொன்ன அளவில், டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைத் தொழுவத்துப் பக்கம் வைக்காதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ கன்றுக்குட்டியோ குடித்தால் உயிரே போகலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடானால், போடும் சுமையைப் பாருங்கள். ரோட்டாவேட்டரை ஆழமாக இறக்கி, பெரிய கியரில் ஓட்டி, சைலன்சர் கரும்புகையாகத் தள்ளினால், அது இன்ஜின் திணறுவதன் அடையாளம். ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

காரிலும் இதே முறையில்தான் பார்க்க வேண்டும். ஒரு வித்தியாசம், இப்போதைய கார்களில் ஃபேன் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுகிறது. நெரிசலில் நிற்கும்போது சூடாகி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் ஃபேன் மோட்டார், ஃபியூஸ், சென்சார் மூன்றையும் பாருங்கள்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. ஆயில் ஸ்டிக்கில் மோர் போல வெளுத்த ஆயில், நிற்காத வெண்புகை, வெளியே கசிவே இல்லாமல் தினமும் குறையும் தண்ணீர். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழ்கள் விடாமல் வரும். இவற்றைப் பார்த்த பிறகும் மிச்ச வயலை முடித்துவிடலாம் என்று ஓட்டினால், கேஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு ஹெட் வரை போய்விடும். ஹெட்டைக் கழற்றும்போது, அது வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வளைந்த ஹெட்டின்மேல் புது கேஸ்கட் போட்டால் அடுத்த உழவுக்குள் மறுபடியும் கசியும்.